ஏற்காட்டுச் சரிவில் ஒரு ஸ்டீல் ஃபிரேம்: பீம் எலிமென்டை எந்த வழியில் உருவாக்குவது?

கட்டடத்தின் தூணையும் பீமையும் (உத்தரத்தையும்) கணினி மாடலில் கோட்டுத் துண்டுகளாகக் காட்டுவதே பீம் எலிமென்ட். சமதளத்தில் ஷெட் போடுகிறவருக்கு அதை எந்த வழியில் உருவாக்குவது என்ற கேள்வி அவ்வளவாக எழாது. ஓமலூர் பக்கமோ ஆத்தூர் ரோட்டிலோ ஒரு கொட்டகை என்றால், மென்பொருளிலேயே இருக்கும் ரெடிமேட் ஃபிரேமை எடுத்து அகலம், உயரம், பே (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) எண்ணிக்கை கொடுத்தால் மாடல் வந்துவிடும். ஏற்காட்டில் அப்படி முடியாது. தூண் நிற்கும் ஒவ்வொரு வரிசையிலும் தரை மட்டம் வேறு. குழி வெட்டிப் பார்க்கும்வரை பாறை எந்த ஆழத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை ஒரு குழியில் சீக்கிரமே தட்டும், பக்கத்துக் குழியில் இன்னும் ஆழம் போனாலும் மண்ணாகவே வரும். ஆகவே முதல் மாடலில் கொடுக்கிற தூண் உயரம் எல்லாம் உத்தேசம்தான். சைட்டிலிருந்து லெவல் வந்ததும் மாறியே தீரும்.

அதனால் எந்த வழியில் சீக்கிரம் வரைந்து முடிக்கலாம் என்பதை இங்கே இரண்டாம் இடத்தில்தான் வைக்கிறோம். லெவல் மாறி வரும்போது செக்‌ஷன், ரிலீஸ் (பீமின் முனையைச் சுழல விடும் அமைப்பு), லோடு (பாரம்) எதுவும் சிதறாமல் திருத்த முடிகிறதா என்பதே முதல் அளவுகோல்.

எடுத்துக்கொள்ளும் ஃபிரேம்

பேச்சு காற்றில் நிற்காமல் இருக்க ஒரு சின்ன உதாரணம். மலைச்சரிவில் ஒரு பார்வை மேடை. சரிவு இறங்கும் திசையில் 4.5 மீட்டரில் இரண்டு பே, குறுக்கே 4 மீட்டரில் மூன்று பே. மொத்தம் 12 தூண், மேடை மட்டத்தில் 17 பீம்; தூண், பீம் எல்லாமே ஐஎஸ்எம்பி 300 (300 மில்லிமீட்டர் உயரமுள்ள ஐ வடிவ இரும்பு). மேல் வரிசைத் தூண் 1.5 மீட்டர், நடு வரிசை 3 மீட்டர், கீழ் வரிசை 4.5 மீட்டர். சரிவு ஏறத்தாழ 18 டிகிரி.

இந்தச் சரிவுக்குக் காற்றையும் கவனிக்க வேண்டும். காற்று விசைக்கான இந்தியத் தர நெறி ஐஎஸ் 875 மூன்றாம் பகுதிப்படி காற்று வரும் பக்கத்துச் சரிவு சுமார் 3 டிகிரியைத் தாண்டினாலே, காற்று வேகத்தைப் பெருக்கும் நிலவடிவக் காரணியைச் சேர்க்க வேண்டும். அது 1.36 வரை போகும். வேகம் 36 சதவீதம் கூடினால் அழுத்தம் 85 சதவீதம் கூடும். நிலநடுக்கத்துக்கு, ஐஎஸ் 1893 இன் 2016 பதிப்பு சேலத்தை மூன்றாம் மண்டலத்தில், 0.16 காரணியில் வைத்தது. ஆக, பக்கவாட்டு விசையை ஒப்புக்குப் போட்டுவிட்டுப் போகிற கட்டடம் இல்லை இது.

அந்தப் பக்கவாட்டு விசை தூண்களுக்குள் எப்படிப் பங்காகிறது என்பதில்தான் மலைச்சரிவின் சிக்கலே இருக்கிறது. மேலும் கீழும் இறுகப் பிடித்த தூணின் விறைப்பு, உயரத்தின் மூன்றாம் படிக்குத் தலைகீழ். 1.5 மீட்டர் தூணின் விறைப்பை 1 என்று வைத்தால், 3 மீட்டர் தூணுக்கு 8இல் ஒரு பங்கு, 4.5 மீட்டர் தூணுக்கு 27இல் ஒரு பங்கு. மேடை விறைப்பாக இருந்தால் சரிவின் திசையில் வரும் விசையில் 86 சதவீதத்தை மேல் வரிசை மட்டுமே வாங்கும். மூன்று வரிசையும் சமமாகத் தாங்கும் என்று நினைத்து அடித்தளம் போட்டால், குட்டைத் தூணின் ஆங்கர் போல்ட்டில்தான் முதல் அடி விழும்.

வழி ஒன்று: நோடும் மெம்பரும் நேராக எழுதுவது

கட்டட ஆய்வு மென்பொருளான ஸ்டாட் புரோவில் டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து ஜாயின்ட் கோஆர்டினேட்ஸ் (நோடு என்ற இணைப்புப் புள்ளிகளின் இடம்), மெம்பர் இன்சிடென்சஸ் (தூணோ பீமோ ஆன ஒவ்வொரு மெம்பரும் எந்த இரு நோடுகளை இணைக்கிறது) என்று கையால் எழுதும் பழைய முறை. இளைஞர்கள் பலர் இதைத் தொடுவதில்லை. சரிவு நிலக் கட்டடத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்பதே எங்கள் கருத்து.

முதலில் ஆதார மட்டத்தை முடிவு செய்யுங்கள். மேடை மட்டத்தை பூஜ்யம் என்று வையுங்கள்; தூண் அடிகள் −1.5, −3.0, −4.5 என்று வரும். மாறக்கூடியது தூண் அடி மட்டும்தான் என்பதால், திருத்த வேண்டிய எண்களும் அவை மட்டும்தான். கீழ் அடியைப் பூஜ்யமாக வைத்தால், அந்த ஒரு குழி ஆழமானதும் மாடலில் உள்ள எல்லா உயரத்தையும் மாற்ற வேண்டி வரும்.

அடுத்தது எண்முறை. மேல் வரிசை அடி நோடுகள் 101 முதல் 104, நடு வரிசை 201 முதல் 204, கீழ் வரிசை 301 முதல் 304. ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே உள்ள மேடை நோடுக்கு ஆயிரத்தைக் கூட்டுங்கள்: 101க்கு மேல் 1101. தூண் மெம்பருக்கு அதன் அடி நோடின் எண்ணையே கொடுங்கள். ரிசல்ட் பட்டியலில் 203 என்று பார்த்த உடனே நடு வரிசையின் மூன்றாம் தூண் என்று தெரிய வேண்டும். மென்பொருள் தானாகக் கொடுக்கும் 1, 2, 3 வரிசையில் இந்த வசதி கிடையாது.

மூன்றாவது, சரிவின் திசையை எக்ஸ் அச்சில் வையுங்கள். ஸ்டாட் புரோவில் ஒய் அச்சு மேல்நோக்கி இருக்கும்போது, செங்குத்துத் தூணுக்கு பீட்டா கோணம் (மெம்பரைத் தன் நீள அச்சில் திருப்பும் கோணம்) பூஜ்யம் என்றால் அதன் லோக்கல் (சொந்த) இசட், குளோபல் (மாடலின் பொது) இசட் அச்சுக்கு இணையாக நிற்கும். அதாவது ஐ செக்‌ஷனின் வெப் (நடுத்தகடு) எக்ஸ் திசையில் அமையும். சரிவின் திசையும் எக்ஸ் என்றால் பலமான அச்சு தானாகவே வேண்டிய பக்கம் வந்துவிடும், 12 தூணுக்கும் பீட்டா 90 கொடுக்கத் தேவையில்லை. சரிவை இசட்டில் வைத்துவிட்டு பீட்டாவை மறந்தால் என்ன ஆகும்? ஐஎஸ்எம்பி 300க்கு பலமான அச்சில் இனர்ஷியா (வளைவதை எதிர்க்கும் வடிவ அளவு) சுமார் 8600 செ.மீ⁴, பலவீன அச்சில் சுமார் 454. தூணின் விறைப்பு 19 மடங்கு விழுந்துவிடும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. அதன் பார்வையில் அது முறையான மாடல்தான்.

இப்போது திருத்தம். மேல் வரிசையில் பாறை எதிர்பார்த்த இடத்தில் இல்லை, அடி 2.1 மீட்டருக்குப் போகிறது என்று சைட்டிலிருந்து தகவல். 101 முதல் 104 வரை நான்கு எண்ணை −1.5 இலிருந்து −2.1 ஆக மாற்றினால் போதும். செக்‌ஷன், பீட்டா, ரிலீஸ், சப்போர்ட், லோடு கேஸ் எல்லாம் மெம்பர் எண்ணோடு கட்டப்பட்டிருப்பதால் அசையாது.

இந்த 60 சென்டிமீட்டர் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஷியர் வளைவையும் (வெட்டு விசையால் வரும் கூடுதல் நெகிழ்வையும்) சேர்த்துக் கணக்கிட்டால், முதலில் மேல் வரிசை 82, நடு வரிசை 14, கீழ் வரிசை 4 சதவீதம் என்று விசை பங்காகும். அடி 2.1 மீட்டர் ஆனபின் அது 66, 26, 8. நடு வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் வரும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மேல் வரிசையின் லெவல்தான் மாறியது, ஆனால் மற்ற இரண்டு வரிசை அடித்தளத்தையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு லெவல் மாற்றத்துக்கும் மாடலை மறுபடி ஓட்ட அலுக்கக்கூடாது என்பதற்காகவே திருத்த எளிதான வழியை வற்புறுத்துகிறோம்.

இந்த வழியின் குறை, வளைந்த வடிவம். வட்டமான மேடை, வளைந்து ஏறும் படிக்கட்டு என்று வந்தால் ஒவ்வொரு நோடையும் கணக்கிட்டு எழுதுவது பெரும்பாடு.

வழி இரண்டு: கேட் வரைபடத்திலிருந்து டிஎக்ஸ்எஃப் இறக்குமதி

ஆர்க்கிடெக்ட் ஏற்கனவே கேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் வரைந்திருக்கிறார், அதை டிஎக்ஸ்எஃப் ஃபைலாக அப்படியே இறக்கிக்கொள்ளலாமே என்ற எண்ணம் இயல்பு. வளைவான கைப்பிடி, கூம்பு வடிவக் கூரை போன்றவற்றுக்கு இது நல்ல வழி. ஆனால் வரைபடக்காரருக்கு கோடு கண்ணுக்குச் சேர்ந்திருந்தால் போதும்; பீம் எலிமென்டுக்கு நோடு ஒன்றாகவே இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் இடைவெளி திரையில் தெரியாது. அந்த இடத்தில் இரண்டு நோடு இருக்கும், பீம் தூணோடு சேர்ந்திருக்காது.

இறக்கும் முன் கேட் ஃபைலிலேயே செய்ய வேண்டியவை: பீம், தூண் மையக்கோடுகளை மட்டும் தனி லேயருக்கு நகலெடுங்கள். அளவுக் கோடு, ஹேட்ச், படிக்கட்டு எதுவும் அதில் இருக்கக்கூடாது. பாலிலைனை எக்ஸ்ப்ளோட் செய்து தனிக் கோடுகளாக்குங்கள். ஓவர்கில் கட்டளை கொடுத்து ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இரட்டைக் கோடுகளை நீக்குங்கள். சர்வே வரைபடத்திலிருந்து வந்த ஃபைல் என்றால் கோஆர்டினேட் லட்சக்கணக்கில் இருக்கும். ஒரு தூணைப் பூஜ்யத்துக்கு இழுத்து வையுங்கள். வரைபடம் மில்லிமீட்டரில், மாடல் மீட்டரில் என்றால் 4 மீட்டர் பீம் 4000 மீட்டராக இறங்கும். இது உடனே கண்ணில் படும், ஆபத்தில்லை. வளைவுகளை நீங்களே நேர்க்கோட்டுத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள், துண்டு எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கும்.

கண்ணில் படாத ஆபத்து வேறொன்று. 12 மீட்டர் நீளப் பீமை வரைபடக்காரர் ஒரே கோடாக இழுத்திருப்பார். குறுக்கே வரும் பீம்கள் 4, 8 மீட்டரில் அதைத் தொடும். இறங்கிய மாடலில் அது ஒரே 12 மீட்டர் மெம்பர்; தொடும் இடத்தில் நோடு இல்லை. படத்தில் சேர்ந்தது போலத் தெரியும், விசை கடக்காது. ஸ்டாட் புரோவில் வெட்டிக்கொள்ளும் மெம்பர்களைத் தேர்ந்தெடுத்து இன்டர்செக்ட் கொடுத்தால் நோடு உருவாகி மெம்பர் பிரியும். அதன்பிறகு இரட்டை நோடு, இரட்டை மெம்பர் சோதனையைத் தவறாமல் ஓட்டுங்கள். இணைக்கும் டாலரன்ஸ் (எவ்வளவு நெருங்கிய நோடுகளை ஒன்றாக்குவது என்ற அளவு), மாடலில் உள்ள மிகச் சிறிய மெம்பரைவிட வெகுவாகக் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் உண்மையிலேயே தனியான இரண்டு நோடும் ஒன்றாகிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மிக எளிய சோதனை, சொந்த எடை. நம் ஃபிரேமில் தூண்கள் 36 மீட்டர், குறுக்குப் பீம்கள் 36 மீட்டர், சரிவுத் திசைப் பீம்கள் 36 மீட்டர். மொத்தம் 108 மீட்டர். ஐஎஸ்எம்பி 300 மீட்டருக்கு 44.2 கிலோ என்றால் மொத்தம் 46.8 கிலோநியூட்டன். சொந்த எடைக்கு மட்டும் மாடலை ஓட்டி, செங்குத்து ரியாக்‌ஷன்களின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். 48.5 என்று வந்தால் எங்கோ ஒரு 4 மீட்டர் பீம் இரட்டையாகக் கிடக்கிறது. வித்தியாசமே எந்த பீம் என்று கிட்டத்தட்ட சொல்லிவிடும்.

திருத்தம் என்று வரும்போதுதான் இந்த வழி காலை வாரும். வரைபடம் மாறினால் மறு இறக்குமதி; மறு இறக்குமதியில் எண்கள் மாறும்; எண்கள் மாறினால் செக்‌ஷன், ரிலீஸ், லோடு எல்லாம் மறுபடி. ஆகவே டிஎக்ஸ்எஃப் வழியை எடுத்தால் ஒரே ஒரு முறைதான் இறக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் மாற்றங்களை மாடலிலேயே, நோடை நகர்த்தித்தான் செய்ய வேண்டும். ஆர்க்கிடெக்டின் புதிய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், இறக்காதீர்கள்.

வழி மூன்று: முதலில் கோடு, பிறகு மெஷ்

அன்சிஸ், அபாகஸ், ஃபெமாப் போன்ற பொது ஆய்வு மென்பொருள்களில் ஒரு கோட்டினை வடிவமாக வரைந்து, அதற்கு செக்‌ஷனும் திசையும் கொடுத்து, பிறகு மெஷ் செய்தால் (துண்டுகளாகப் பிரித்தால்) எலிமென்ட் பிறக்கும். செக்‌ஷனும் லோடும் கோட்டோடு சேர்ந்திருப்பதால், கோட்டின் நுனியை நகர்த்தி மறு மெஷ் செய்தாலும் அவை போகாது. திருத்தத்தில் முதல் வழிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இரும்புத் தகடு, கான்கிரீட் சுவர், கஸ்ஸெட் பிளேட் இவற்றை ஷெல்லாக (மெல்லிய தகட்டு எலிமென்டாக) சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தால் இதுதான் சரியான இடம்.

ஆனால் ஸ்டாட் புரோவில் பழகிய கை இங்கே ஒரு பெரிய தவறு செய்யும். அங்கே தூணுக்கு ஒரு மெம்பர் போதும். அதன் ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸ் நேரான, சீரான மெம்பருக்குத் துல்லியமான விடையைத் தரும். அன்சிஸின் பீம்188 என்ற எலிமென்ட் வகை, தொடக்க அமைப்பில் நேர்கோட்டு வடிவச் சார்பில் (இரு நோடுக்கு இடையே நெகிழ்வு நேர்கோடாக மாறும் என்ற அனுமானத்தில்) வேலை செய்கிறது. அபாகஸின் பி31ம் அப்படியே. ஒரு கான்டிலீவருக்கு (ஒரு முனை மட்டும் பிடித்த பீமுக்கு) ஒரே எலிமென்ட் போட்டு நுனியில் பாரம் வைத்தால், வளைவு சரியான மதிப்பைவிட 25 சதவீதம் குறைவாக வரும். இரண்டாகப் பிரித்தால் பிழை 6 சதவீதம் சொச்சம், நான்காகப் பிரித்தால் சுமார் 1.6, எட்டாகப் பிரித்தால் 0.4. பிழை எப்போதும் விறைப்பாகக் காட்டும் பக்கமே விழுகிறது. அதாவது ஆபத்தான பக்கம். பீம்188இல் வடிவச் சார்பை கனச் சார்பாக மாற்றும் கீஆப்ஷன் (விருப்ப அமைப்பு) உண்டு, அபாகஸில் பி33 உண்டு. அவற்றைத் தொட விருப்பமில்லை என்றால் ஒரு மெம்பருக்கு எட்டு எலிமென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பி33ஐ எடுக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது ஆய்லர்-பெர்னூலி வகை, ஷியர் வளைவை விட்டுவிடும். 6 மீட்டர் ஐஎஸ்எம்பி 300 பீமுக்கு அது பெரிதல்ல, சீரான பாரத்தில் 2.6 சதவீதம் சொச்சம்தான். அதே செக்‌ஷனில் 1.5 மீட்டர் பீமுக்கு 42 சதவீதம் ஆகும். நம் மேல் வரிசையின் இரு முனையும் இறுகிய 1.5 மீட்டர் தூணுக்கோ, ஷியர் சேர்ந்தால் நெகிழ்வு 53 சதவீதம் கூடுகிறது. 86 சதவீதம் 82 ஆகக் குறைந்ததும், நடு வரிசை 11 இலிருந்து 14க்கு ஏறியதும் இதனால்தான். குட்டைத் தூண் உள்ள மாடலுக்கு, ஷியரையும் சேர்க்கும் டிமோஷென்கோ வகை எலிமென்ட்தான் வேண்டும். ஸ்டாட் புரோவில் பட்டியலில் உள்ள செக்‌ஷனை எடுத்தால் ஷியர் கணக்கில் வந்துவிடும். பிரிஸ்மாட்டிக் என்று இனர்ஷியாவை மட்டும் கையால் கொடுத்து ஷியர் பரப்பை விட்டுவிட்டால் வராது. நாஸ்ட்ரான் மென்பொருளில் இன்னொரு கண்ணி: சிபார் வகை பீமின் அளவுகளைக் கொடுக்கும் பிபாரில் ஷியர் காரணிகளைக் காலியாக விட்டால் ஷியர் வளைவு இல்லை, சிபீம் வகைக்கான பிபீமில் காலியாக விட்டால் காரணி 1 என்று எடுத்துக்கொள்ளும். சிபாரை சிபீமாக மாற்றியதும் விடை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திசை விஷயத்தில் இந்த மென்பொருள்கள் கண்டிப்பானவை. அபாகஸின் சிஏஇ திரையில் மாடல் போட்டால், திசை கொடுக்காத பீமை ஓடவே விடாது. நாஸ்ட்ரானில் திசை வெக்டர் பீமின் நீள அச்சுக்கு இணையாக இருந்தால் ஓட்டம் நின்றுவிடும். எல்லா மெம்பருக்கும் ஒரே செங்குத்து வெக்டர் கொடுப்பவர் தூணில் மாட்டுவது இங்கேதான். நின்றுவிடுவது நல்லதே. நிற்காமல் தவறான திசையில் ஓடுவதுதான் கெடுதல். எனவே செக்‌ஷனின் முழு வடிவத்தைத் திரையில் காட்டும் வசதியைப் போட்டு, ஒவ்வொரு பீமின் ஃபிளாஞ்சும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

வழி நான்கு: ஸ்கிரிப்ட்

நிரல் எழுதி மாடலை உருவாக்கும் வழி இது: ஸ்டாட் புரோவுக்கு ஓப்பன்ஸ்டாட், சாப் 2000 இன் ஏபிஐ, அல்லது பைதானில் ஓப்பன்சீஸ். ஒரே மாதிரி ஐந்தாறு காட்டேஜ், ஒவ்வொன்றும் வேறு சரிவில் என்றால் இதற்கு ஈடில்லை. அடி மட்டங்களை ஒரு பட்டியலாகக் கொடுத்தால் மாடல் புதிதாகப் பிறக்கும். பிழை இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே பிழை இருக்கும், ஒரே இடத்தில் திருத்தலாம். ஒற்றைக் கட்டடத்துக்கு இதில் இறங்குவது வீண் உழைப்பு. கல்லூரி மாணவர்களுக்கு ஓப்பன்சீஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கால்குலிக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளை பீம் ஃபிரேமுக்கு எடுக்க வேண்டாம். அது பீம் எலிமென்டை உள்ளுக்குள் திண்ம எலிமென்டாக விரித்துக்கொள்கிறது, ஐ செக்‌ஷன் ஃபிரேமுக்கு அது தோதல்ல.

எந்த வழியானாலும் எடிட் செய்யும்போது கெடுபவை

மெம்பரைப் பிரிப்பது எளிது, பின்விளைவு பெரிது. மேடையின் கான்கிரீட் தளத்தை பிளேட் எலிமென்டாகப் போட்டால் பீமும் பிளேட்டும் நோடில் மட்டுமே சேரும். பிளேட்டை அரை மீட்டராகப் பிரித்தால் 4.5 மீட்டர் பீமையும் ஒன்பது துண்டாக்க வேண்டும். ஆக்காவிட்டால் தளம் பீமின் இரு நுனியில் மட்டும் தொங்கும். ஆக்கினால், டிசைன் பகுதி ஒவ்வொரு துண்டையும் தனி மெம்பராக எண்ணி, தாங்கலில்லா நீளம் அரை மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். எஃகுக் கட்டடத்துக்கான நெறி ஐஎஸ் 800 இன் பக்கவாட்டு முறுக்கு வளைவுச் சோதனையில் எல்லாம் பச்சையாகத் தேறும். தளம் பக்கவாட்டில் பிடிக்காதபோது பீம் உண்மையில் 4.5 மீட்டருக்குத் தாங்கல் இல்லாமல் நிற்கும். பிரித்த உடனே அந்தத் துண்டுகள் அனைத்துக்கும் முழு நீளத்தை எல்ஒய், எல்இசட் அளவுருக்களிலும் பக்கவாட்டு வளைவுக்கான நீளத்திலும் கையால் கொடுங்கள். டிஃப்ளெக்‌ஷன் சோதனைக்கு டிஜே1, டிஜே2 என்று உண்மையான இரு முனை நோடுகளைக் காட்டுங்கள்.

ரிலீஸும் அப்படியே. இரு முனையிலும் ரிலீஸ் இருந்த பீமைப் பிரித்தபின், துண்டுகள் சேரும் இடத்தில் ரிலீஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பீம் நடுவில் கீல் வைத்ததாகிவிடும். இரு முனையிலும் முறுக்கையும் சேர்த்து விட்டால் பீம் தன் அச்சில் சுழலும். ஸ்டாட் புரோ இதற்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டு ஓடும், அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ரிசல்ட்டுக்குப் போகக்கூடாது.

மெம்பரின் திசையைப் புரட்டினால் தொடக்கமும் முடிவும் இடம் மாறும். ஒரு முனைக்கு மட்டும் கொடுத்த ரிலீஸ், ஒரு பக்கம் கூடி வரும் சரிவக பாரம், சேனலின் (ப வடிவ இரும்பின்) திறந்த பக்கம் மூன்றும் மாறிவிடும். பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும்) சேனல்கள் ஒன்றுவிட்டு ஒன்று வேறு பக்கம் பார்த்து நின்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஆஃப்செட் (மெம்பரின் மையக்கோட்டை நோடிலிருந்து தள்ளி வைப்பது) பற்றி நீண்ட விவாதம் நடக்கும், முடிவு எளிது. 125 மில்லிமீட்டர் தளம், அதன் கீழே ஐஎஸ்எம்பி 300 என்றால் இரண்டின் மையத்துக்கும் 212.5 மில்லிமீட்டர் இடைவெளி. பீமை அந்த அளவு கீழே ஆஃப்செட் செய்தால் மாடல் இரண்டையும் ஒன்றாக வேலை செய்யும் கூட்டுப் பீமாக எடுத்துக்கொள்ளும். பீமில் இழுவிசை தோன்றும், மொமென்ட் (வளைக்கும் திருப்பம்) குறையும். அந்தக் குறைந்த மொமென்டை மட்டும் எடுத்து டிசைன் செய்யக்கூடாது. இழுவிசையை இடைவெளியால் பெருக்கி, பீம் மொமென்ட், தள மொமென்ட் இரண்டோடும் கூட்டினால்தான் முழு மொமென்ட். அதைவிட முக்கியம், பீமின் மேல் ஷியர் ஸ்டட் (தளத்தையும் பீமையும் நழுவாமல் பிணைக்கும் முளை) உண்மையிலேயே வெல்ட் செய்யப்படுகிறதா என்பது. ஸ்டட் இல்லை என்றால் ஆஃப்செட்டே வேண்டாம், ஒரே மட்டத்தில் விடுங்கள்.

அதிர்வு வந்தால் தேர்வு மாறும்

ஜவ்வரிசி ஆலைகளில் சல்லடை நிற்கும் ஃபிரேமுக்கு மேலே சொன்ன முன்னுரிமை பொருந்தாது. அங்கே லெவல் மாறுவதில்லை, அதிர்வெண்தான் பிரச்சினை. ஒரு கணக்கு: 4 மீட்டர் ஐஎஸ்எம்பி 200 பீம், நடுவில் 300 கிலோ எடை வருகிறது, மோட்டார் 960 ஆர்பிஎம். மோட்டாரின் அதிர்வெண் 16 ஹெர்ட்ஸ். பீமின் இயல்பு அதிர்வெண் கைக்கணக்கில் 15.6. நேராக ஒத்ததிர்வில் போய் நிற்கும்.

இதையே ஸ்டாட் புரோவில் நடு நோடு இல்லாமல் ஒரே மெம்பராகப் போட்டால், எடை இரு முனை நோடுக்கும் பிரிந்துவிடும். அந்த மோடே (அதிர்வு வடிவமே) கிடைக்காது. நடுவில் ஒரு நோடு வைத்தால் 15.6 சரியாக வரும். நேர்கோட்டு எலிமென்ட் உள்ள மென்பொருளில் அதே இரண்டு துண்டு 18 ஹெர்ட்ஸ் காட்டும். தள்ளி இருக்கிறது, பரவாயில்லை என்று விட்டுவிடத் தோன்றும். நான்கு துண்டுக்கு 16.1, எட்டுக்கு 15.7. ஷியரைச் சேர்த்தால் எல்லாமே இன்னும் சற்று இறங்கும். ஐஎஸ்எம்பி 250க்கு மாற்றினால் கைக்கணக்கில் 22.9 ஹெர்ட்ஸ், மோட்டாரிலிருந்து போதிய தூரம்.

பாரத்தில் தூண் பக்கவாட்டில் வளைந்துவிடுவதைச் சோதிக்கும் பக்ளிங் ஓட்டத்துக்கும் பிரிப்பு தேவை. இரு முனையும் கீலாக உள்ள தூணை ஒரே கனச்சார்பு எலிமென்டாகப் போட்டால், வளையும் பாரம் உண்மையைவிட 21.6 சதவீதம் அதிகமாக வரும். இரண்டாக்கினால் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே.

எங்கள் தேர்வு

ஏற்காட்டுச் சரிவில் செவ்வக அமைப்புள்ள ஃபிரேம் என்றால் நேராக எழுதும் வழி. அதில் வளைந்த கைப்பிடியோ படியோ சேர்ந்தால், அந்தப் பகுதியை மட்டும் டிஎக்ஸ்எஃப்பில் ஒரு முறை இறக்கி, தனி எண் வரிசையில், 5000க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளச் சுவரையும் தகடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடத்தில், அல்லது அதிர்வு உள்ள ஆலை ஃபிரேமில், கோடு வரைந்து மெஷ் செய்யும் வழி. ஒரே வடிவம் பல சைட்டில் வந்தால் ஸ்கிரிப்ட்.

எதை எடுத்தாலும் புதிய மென்பொருளில் முதலில் ஒரே ஒரு பீமைப் போட்டுப் பாருங்கள். 6 மீட்டர், ஐஎஸ்எம்பி 300, இரு முனையும் சாதாரணத் தாங்கல், மீட்டருக்கு 10 கிலோநியூட்டன். ரியாக்‌ஷன் 30 கிலோநியூட்டன், நடு மொமென்ட் 45 கிலோநியூட்டன் மீட்டர், நடு வளைவு ஷியர் இல்லாமல் 9.8 மில்லிமீட்டர், ஷியரோடு சுமார் 10.1. சொந்த எடையை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். 186 மில்லிமீட்டர் என்று வந்தால் பீம் படுத்துக்கிடக்கிறது, திசையைத் திருத்துங்கள். 9.8க்கு வெகு கீழே வந்தால் எலிமென்ட் எண்ணிக்கை போதவில்லை, அல்லது முனை இறுகிப் பிடித்திருக்கிறது; முனை மொமென்ட் பூஜ்யமா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இந்த ஃபைலைத் தனியே சேமித்து வையுங்கள். மென்பொருளின் பதிப்பு மாறும்போதும், புதியவர் ஒருவர் ஆபீசில் சேரும்போதும் அதே பீமை மறுபடி ஓட்டலாம்.